பகையில்லாத விலக்கல்

வேலையிடத்து வயதுப் பாகுபாட்டையே தன் ஆய்வுத்துறையாக வரித்துக்கொண்ட ஒரு சட்டப் பேராசிரியரின் நூலை அண்மையில் படித்து முடித்தேன். சிகாகோ-கென்ட் சட்டக் கல்லூரியின் ஹோவர்ட் எக்லிட். 2004இல் வந்த ‘எல்டர்ஸ் ஆன் ட்ரையல்’. சாட்சி, ஜூரி, வழக்கறிஞர், நீதிபதி என நீதிமன்றத்தின் ஒவ்வொரு இருக்கையிலும் முதியவர் எப்படிப் பார்க்கப்படுகிறார் என்பதை விசாரிக்கிற நூல். முக்கியமானதுதான். ஆனாலும் இந்தத் துறையே ஒரு பழைய அரசு அறிக்கையின் நிழலை விட்டு முழுசாக வெளியே வரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

1964ஆம் ஆண்டின் அமெரிக்க சிவில் உரிமைச் சட்டம் இனம், நிறம், மதம், பால், பூர்வீக நாடு ஆகியவற்றின் பேரில் வேலை மறுப்பதைத் தடை செய்தது. வயது விடுபட்டுப்போனது. அதை ஆராய்ந்து சொல்லும்படி தொழிலாளர் துறைச் செயலர் வில்லர்ட் விர்ட்ஸிடம் ஒப்படைத்தார்கள். 1965இல் அறிக்கை வந்தது. கறுப்பர்மீது இருப்பது போன்ற வெறுப்பு முதியவர்கள்மீது இல்லை. ‘இந்த வயசுல இவரால முடியாது’ என்கிற ஆதாரமற்ற ஊகம்தான் பிரச்சினை என்பது அதன் சாரம். 1967இல் சட்டம் இந்த அஸ்திவாரத்தின்மேல்தான் எழுந்தது. முதலில் 40 முதல் 65 வயது வரை பாதுகாப்பு. 1978இல் அது 70 ஆனது, 1986இல் மேல்வரம்பே போனது. (நிரந்தரப் பேராசிரியர்களை 70இல் வீட்டுக்கு அனுப்பப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் 1993 முடிய விலக்கு இருந்தது. பாகுபாட்டுச் சட்டம் பாடமாக நடந்த அதே கட்டடங்களில்!)

பகை இல்லை, ஊகப் பிழைதான் என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? கணக்கைச் சரியாகப் போடத் தெரிந்த முதலாளி தப்பித்துவிடுவான். இங்கதான் சிக்கல்.

1993இல் ஹேஸன் பேப்பர் வழக்கு. 62 வயது ஊழியர்; ஓய்வூதிய உரிமை உறுதிப்படப் பத்தாண்டு சேவை முடிய வேண்டும், அதற்குச் சில வாரங்களே இருக்கும்போது வேலைநீக்கம். உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? சேவைக்காலம் வேறு, வயது வேறு. ஓய்வூதியத்தை மிச்சம் பிடிக்க ஒருவரை நீக்குவது ஓய்வூதியச் சட்டப்படி குற்றமாகலாம். அதனாலேயே அது வயதுப் பாகுபாடு ஆகிவிடாது. முதலாளியின் மனதில் இருந்தது முதுமை பற்றிய தப்பெண்ணம் அல்ல, காசு. காசு என்றால் தப்பில்லை! வயதோடு ஒட்டி வருகிற ஒவ்வொன்றையும் - சம்பளம், சேவை, ஓய்வூதியம் - உரித்துக்கொண்டே போனால் கடைசியில் வயது என்று என்ன மிஞ்சும்? வெறும் எண்.

நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் 1995இல் எழுதிய நூலில் முதுமையையும் இந்தச் சட்டத்தையும் நேரடியாகப் பொருளாதாரக் கணக்காகவே பேசிவிடுகிறார். அவரிடம் எனக்குச் சண்டை குறைவு, பாசாங்கு இல்லை. இதே நீதிமன்றம் 1976இல் மாசச்சூசெட்ஸ் போலீஸ்காரர் ஒருவரை, நல்ல உடல்நலத்தோடு இருந்தும், 50 வயதில் வெளியேற்றியது செல்லும் என்றது. சொன்னவர்கள் ஆயுள் முழுக்கப் பதவியில் இருக்கலாம் என்கிற உரிமை பெற்றவர்கள்.

நம் அரசியல் சட்டத்தின் 15, 16 பிரிவுகளின் பட்டியலிலும் வயது கிடையாது. ஏர் இந்தியாவில் பணிப்பெண்களுக்கு 35இல் ஓய்வு, நிர்வாக இயக்குநர் மனசு வைத்தால் 45 வரை. அதே விமானத்தில் ஆண் பணியாளருக்கு 58. நெர்கேஷ் மீர்ஸா வழக்கில் (1981) உச்ச நீதிமன்றம் இயக்குநரின் வரம்பற்ற அதிகாரத்தையும் முதல் கர்ப்பத்தோடு வேலை போகிற விதியையும் ரத்து செய்தது. ஆனால் பணிப்பெண்கள் தனிப் பணிப்பிரிவு என்று சொல்லி வயது வித்தியாசத்தை அப்படியே விட்டது. அங்கே வயதிலிருந்து ஓய்வூதியத்தை உரித்தார்கள் என்றால், இங்கே வயதிலிருந்து பெண்ணை.

கணக்கு சரியா தப்பா என்று பார்க்கிறது இந்தச் சட்டச் சொல்லாடல். கணக்கில் எது வரவு, எது செலவு என்று யார் எழுதினார்கள் என்பதைத்தான் ஆய்வாளர் கேட்டிருக்க வேண்டும்.

நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில் ஈய எழுத்து போய் டி.டி.பி. வந்தது. மூத்த கம்பாசிட்டருக்கு அப்போது 54 வயது. தலைகீழாகக் கோத்த வரியை நாம் நேராகப் படிப்பதைவிட வேகமாகப் படிப்பார். கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். நான் கேட்டபோது முதலாளி கோபப்படவே இல்லை: “வயசப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலியே தம்பி. அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, அவ்வளவுதான்.” பொய் இல்லை. தெரியாதுதான். ஹேஸன் தீர்ப்பை வாசித்தபோது அந்தக் குரல்தான் காதில் விழுந்தது.

பைண்டிங்கில் இருந்த இரண்டு பையன்களை அச்சகச் செலவிலேயே மூன்று மாதம் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். கம்பாசிட்டர் தன் ஸ்டிக்கைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: “என்னையும் அனுப்பியிருக்கலாம்ல?”