கூத்தின் உரிமையாளர் யார்?

நாட்டார் கலைகளைப் பெயரறியா மக்களின் ஆக்கம் என்பது நம் ஆய்வாளர் வழக்கு. அதன் சட்ட விளைவை நாம் போதியளவு சிந்தித்தோமல்லோம்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தனியாசிரியனுக்கு வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் உரிமை வழங்குகின்றது. நாட்டார் வெளிப்பாடுகளையும் அது பாதுகாக்கின்றது. ஆயின் வணிக நோக்கிற் பயன்படுத்த அனுமதிக்கும் உரிமை அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரியிடமே உளது. அறவிடும் கட்டணம் பண்பாட்டு வளர்ச்சிக்காம்!

மட்டக்களப்பு வடமோடிக் கூத்தை நோக்குக. ஏட்டை யாத்தவர் புலவர். ஆட்டத்தையும் தாளக்கட்டையும் மாதக்கணக்காகப் பழக்கிக் களரியேற்றுபவர் அண்ணாவியார். ஆடுவோனுக்கு ஆற்றுகையாளன் என்ற உரிமையுண்டு, பழக்கியவருக்கு? 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடியவிடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கிப் பேராதனை மேடைக்குக் கொணர்ந்தார். அம்முயற்சியின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அதற்கு உயிரூட்டியது அண்ணாவியார் பழக்கிய ஆட்டமே. அத்தகைய முயற்சி இன்று கட்டணக் காட்சியாக நிகழின், அனுமதி கேட்கப்படவேண்டியவர் அண்ணாவியார் அல்லர், அதிகாரி.

‘மரபு’ என்று நாம் போற்றும்போதே ஒருவரது உழைப்பு பெயரிழக்கின்றது. இப்பழியில் ஆய்வாளராகிய நமக்கும் பங்குண்டு. வெளிப்பாடு தோன்றிய சமூகத்தையோ இடத்தையோ குறிப்பிடுமாறு சட்டம் பணிக்கின்றது. அவ்வூராரின் சம்மதத்தைப் பெறுமாறு அது பணிக்கவில்லை.