அகிமேஸ் : சொல்லும் சாளரமும்

ஒரு பொருளின் வரலாற்றை அதன் பெயர் கொண்டே துணிதல் எளிதாகத் தோன்றும் நெறியாகும். ஆயினும் பிழைபடுதற்கும் அதில் இடமுண்டு. ஸ்பெயின் நாட்டு இரட்டை வில்வளைவுச் சாளரம் இதற்குத் தக்கதொரு சான்று. நடுவே மெல்லிய தூண் ஒன்று. அதன் தலைமீது இருபுறமிருந்தும் வந்து இறங்கும் சிறுவளைவுகள் இரண்டு. இதுவே அதன் அமைப்பு. ஸ்பானியர் இதனை 'அகிமேஸ்' என்பர். அகராதியாளர் இச்சொல்லைக் கதிரவனைக் குறிக்கும் அரபுச் சொல்லடியோடு இயைப்பர். பெயர் அரபாதலின், பொருளும் மூர் மக்களின் படைப்பே என எண்ணத் தோன்றும். இவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் சொல்லை நோக்குவோம். அல்காம்பிரா அரண்மனையின் காப்புப் பணியை 1923 முதல் 1936 வரை நடத்திய கட்டடக் கலைஞர் லியோபோல்தோ தோரெஸ் பல்பாஸ், 1947-இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை ஆய்ந்துள்ளார். இடைக்கால நகரங்களில் அகிமேஸ் எனப்பட்டது கற்சாளரம் அன்று. வீட்டுச் சுவரினின்று தெருவை நோக்கி நீண்டு, பின்னல் தட்டிகளால் மறைக்கப்பெற்ற மரமாடமே அது. மகளிர் பிறர் கண்ணிற் படாது அதனுள் இருந்து தெருவைக் காண்பர். கிறித்தவ ஆட்சி ஏற்பட்டபின், ஒடுங்கிய தெருக்களில் ஒளியையும் வழியையும் தடுப்பன என்று அவை அகற்றப்பட்டன. பொருள் மறையவே, அதன் பெயர் பிற்காலத்தில் இரட்டைச் சாளரத்தைச் சென்று பற்றிற்று. நாம் வழங்கும் 'சன்னல்' என்னும் சொல்லும் போர்ச்சுக்கீசிய 'ஜனேலா' என்பதன் வழிவந்ததே; அதன் இலத்தீன் மூலமோ சிறுவாயிலைக் குறித்தது. பெயர் இவ்வாறு இடம் மாறுதல் மொழியின் இயல்பு. அதனையே கட்டடத்தின் வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இனி, அமைப்பை நோக்குவோம். ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி 711-இல் தொடங்கிற்று. அக்காலத்திலேயே சிரியா நாட்டுத் தமாஸ்கஸ் நகரில் எழுந்த பெரும்பள்ளிவாசலில் (706–715), முற்றத்தைச் சூழ்ந்த பெருவளைவு ஒவ்வொன்றின் மேலும் இரு சிறுவளைவுகள் அமைந்துள்ளன. மூர் ஆட்சிக்கு உட்படாத வட இத்தாலியில், பொம்போசா மடத்து மணிக்கோபுரத்தின் (1063) ஒன்பது நிலைகளிலும் மேலே செல்லச் செல்லச் சாளர வளைவுகளின் எண்ணிக்கை பெருகுகின்றது. இவ்வமைப்பின் பயன் தெளிவு. அகன்ற திறப்பினை ஒரே அரைவட்ட வளைவால் மூடின் உயரம் மிகும். இரண்டாகப் பகுப்பின் உயரம் குறையும். இரு வளைவுகளின் பக்க உந்துதலும் நடுத்தூணின்மேல் எதிரெதிராய் வந்து தம்முள் அடங்கும். தூண் கீழ்நோக்கிய சுமையை மட்டுமே தாங்குதலின், மெலிந்திருப்பினும் நிலைபெறும். இவ்வறிவு ஓர் இனத்தார்க்கே உரியதெனக் கூறுதல் இயலாது.

அங்ஙனமாயின் மூர் கலைஞர்க்கு இதில் பங்கில்லையோ எனின், உண்டு. அது தோற்றுவித்ததில் அன்று, பயன்கொண்ட திறத்தில் உள்ளது. கிரனாதாவில் முதலாம் யூசுப் (1333–1354) எடுப்பித்த கொமாரெஸ் மண்டபத்தில், மூன்று சுவர்களின் நடுமாடங்களும் இரட்டைச் சாளரம் உடையன. அச்சாளரங்கள் தரையை ஒட்டித் தாழ அமைந்தன. விரிப்பின்மேல் அமர்வோர் கண்ணுக்கு ஏற்ற உயரம் அதுவே. வடசுவரின் நடுமாடம் அரசனது இருக்கை என்பர். ஒளி அவன் பின்னிருந்து வருதலின், எதிரே நிற்போர்க்கு அவன் முகம் நிழலுருவாகவே தோன்றும். கோபுரத்தில் சுவரின் சுமையைக் குறைத்த உறுப்பு, ஈண்டு அரசின் மாட்சியைப் புலப்படுத்தும் கருவியாயிற்று.

ஆகவே, பெயரை நம்பி மூரர்க்கு முழு உரிமை வழங்குவோரும், பெயர் பிழையெனக் கண்டு அவர்தம் பங்கினையே மறுப்போரும் ஒரே தவற்றினைச் செய்தவராவர். இருவரும் சொல்லைக் கண்டனரேயன்றிச் சாளரத்தைக் கண்டாரல்லர். இப்பெயர் மயக்கத்தால் பெரிதும் இழக்கப்பட்டது அம்மரமாடமே. அல்காம்பிராவில் ஒரு கூடம் இன்றும் 'அகிமேஸ்களின் கூடம்' என்றே வழங்குகின்றது. அங்கு நிற்போர் கற்சாளரங்களையே அப்பெயரால் அறிந்து செல்வர். தெருவினின்று முன்னரே அகற்றப்பட்ட மரமாடம், தன் பெயரையும் இழந்தமையால் நினைவினின்றும் அகல்கின்றது. அதனை மீட்டுத் தருதல் சொல்லாராய்ச்சியின் கடனாகும்.