பிப்ரவரிச் சம்பளம்

ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் சம்பளம் இரண்டு விதமாக வருகிறது. பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் பெரும்பாலும் சனிக்கிழமை வாரக்கூலி. அதில் தெரிந்த பிடித்தங்கள் வைப்பு நிதிக்கு 12 சதவீதமும் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதமும்தான், வருமான வரி அந்தக் கூலியை எட்டுவதில்லை. ஆசிரியர், வங்கி ஊழியர், ஆலை மேலாளர் போன்றோருக்கு மாதச் சம்பளம். அவர்களுக்குக் கிலி பிடிக்கும் மாதம் பிப்ரவரி. ஆண்டு முழுக்கப் பிடிக்காமல் விட்ட வரி அந்த ஒரே சம்பளத்தில் போய்விடும்.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. ஆண்டு வருமானத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு, சராசரி விகிதத்தில் மாதாமாதம் வரி பிடிக்க வேண்டும் என்பதே 1961 வருமான வரிச் சட்டத்தின் 192-ஆம் பிரிவு. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இதே ஏற்பாட்டைத் தொடர்கிறது.

இந்த ஏற்பாட்டின் பலத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. வேளாண் வருமானம் நீங்கலாக மற்ற வருமானத்தின் மீது வரி போடும் உரிமையை அரசமைப்புச் சட்டம் மத்திய அரசுக்கே தந்திருக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸ், புளோரிடா போன்ற சில மாநிலங்களில் மட்டும் உள்ள வசதி இங்கே நாடு முழுவதற்கும் உண்டு: மாநில வருமான வரி என்று தனிக் கணக்கு கிடையாது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிக்குப் போகும் தொழில் வரியும் அரையாண்டுக்கு ஒருமுறைதான். ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு 1988-இல் வந்தது. ஆகவே சரியாகப் போட வேண்டியது ஒரே ஒரு கணக்கு.

அந்த ஒன்றுதான் தவறுகிறது. காரணம், ஏப்ரலில் போட்ட மதிப்பீட்டை யாரும் மறுபடி தொடுவதில்லை.

ஓர் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 1,04,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12.48 லட்சம். நிலையான கழிவு 75,000 போக 11.73 லட்சம். 2025-26-க்கான புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி உண்டு என்பதால் வரி பூஜ்யம். அகவிலைப்படி நிலுவையும் சரண் விடுப்புத் தொகையுமாக இடையில் 67,000 ரூபாய் வந்தால், வரிக்குரிய வருமானம் 12.40 லட்சம் ஆகிவிடும். 12 லட்சத்தைத் தாண்டிய 40,000 ரூபாயும் விளிம்பு நிவாரண விதிப்படி அப்படியே வரியாகப் போகும். 4 சதவீதக் கூடுதல் வரியோடு 41,600. அக்டோபரிலேயே பார்த்திருந்தால் பிப்ரவரி வரை ஐந்து மாதம் 8,320 வீதம் போயிருக்கும். பிப்ரவரியில் பார்த்தால் அந்த மாதச் சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு காலி.

கூடக்குறையப் பிடித்ததை ஆண்டுக்குள்ளேயே சரிசெய்யச் சட்டமே இடம் தருகிறது. அலுவலகங்கள் அதைப் பயன்படுத்துவது அரிது.

சரி, கூடுதலாகவே பிடித்துவிட்டால் நல்லதுதானே என்பார் சிலர். அதுவும் இலவசமல்ல. திரும்பி வரும் தொகைக்கு அரசு தரும் வட்டி மாதம் அரை சதவீதம். அதுவும் அந்தத் தொகை மொத்த வரியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் கிடையாது. முன்கூட்டிய வரியில் குறை வைத்தாலோ மாதம் ஒரு சதவீதம் கட்ட வேண்டும். தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது வெளிப்படை.

இன்னொரு குறை, கணக்கு முழுக்க முதலாளியின் கையில் இருப்பது. பிடித்த வரியை மறு மாதம் 7-ஆம் தேதிக்குள் அவர் செலுத்த வேண்டும். தவறினால், பிடிக்கப்பட்ட வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக்கூடாது என்று சட்டம் காப்பு தருகிறது. ஆனால் வரித்துறைப் பதிவில் அந்தத் தொகை தெரியாவிட்டால், வரி பிடித்ததற்கான சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியவர் ஊழியர்தான். நடு ஆண்டில் வேலை மாறினாலும் இதே சிக்கல். பழைய சம்பளத்தைச் சொல்லாவிட்டால் இரண்டு அலுவலகங்களும் தனித்தனியாகத் தள்ளுபடி கொடுத்துவிடும். கணக்குத் தாக்கல் செய்யும்போது மொத்தமாகக் கட்ட நேரிடும்.

பட்டாசு வட்டாரத்துக்கென ஒரு வசதி இருக்கிறது. தீபாவளிக்குள் போனஸ் கைக்கு வந்துவிடும். பண்டிகை முடிந்து ஆலைகள் மூடிக் கிடக்கும் வாரங்களில் கணக்கருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அதற்குள் ஆண்டின் பெரிய வரவுகள் பெரும்பாலும் தெரிந்துவிட்டிருக்கும். மார்ச் முடிய இன்னும் நான்கைந்து சம்பளங்கள் பாக்கி இருக்கும். ஏப்ரல் மதிப்பீட்டை எடுத்து மறுபடி ஒருமுறை கணக்குப் போட அந்த நாட்கள் போதும்.