பாபாட்: இணைச் சோதனைகளுக்கிடையே மாறிகளைப் பகிர்தல்

பாபாட் என்பது ரோபோட் ஃபிரேம்வொர்க் சோதனைகளை ஒரே நேரத்தில் பல செயல்முறைகளாகப் பிரித்து இயக்கும் திறமூலக் கருவி. இதை உருவாக்கியவர் மிக்கோ கோர்பெலா. ரோபோட் ஃபிரேம்வொர்க் நோக்கியா நெட்வொர்க்ஸ் நிறுவனத்தில் வளர்ந்து, 2008இல் திறமூலமாக வெளியானது. நான்கு செயல்முறைகளாகப் பிரித்தால் சோதனை ஏறக்குறைய கால்வாசி நேரத்தில் முடியக்கூடும். ஆனால் அதுவரை ஒழுங்காக ஓடிய மாறிகள் அப்போதுதான் தகராறு செய்யத் தொடங்குகின்றன.

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. 'செட் குளோபல் வேரியபிள்' என்று எழுதினால் மதிப்பு எல்லாச் சோதனைகளுக்கும் கிடைக்கும் என்றே புதியவர்கள் நினைப்பார்கள். பாபாட்டில் ஒவ்வொரு தொகுப்பும் தனிச் செயல்முறை, தனி நினைவகம். ஒன்றில் வைத்த மாறி பக்கத்துச் செயல்முறைக்குத் தெரியாது. பைதெஸ்ட்-எக்ஸ்டிஸ்ட் கருவியிலும் இதே நிலைதான். டெஸ்ட்என்ஜி இழைகளாக இயங்கும்போது கதை தலைகீழ்: அங்கே ஸ்டாட்டிக் மாறிகள் கேட்காமலேயே பகிரப்பட்டுவிடுகின்றன.

இந்த இடைவெளியை நிரப்பவே பாபாட்லிப் இருக்கிறது. அது ஒரு சிறிய பொதுச் சேவையகம். 'செட் பேரலல் வேல்யூ ஃபார் கீ' மதிப்பை அங்கே வைக்கும். இணையான 'கெட்' கட்டளை எடுத்துத் தரும். எளிமைதான் இதன் பலம். பலவீனமும் அதுவே.

தருமபுரி மாவட்டத்துக்கான இணையவழி விண்ணப்பப் படிவம் ஒன்றைச் சோதிப்பதாக வைத்துக்கொள்ளலாம். பென்னாகரம் வட்டத்துக்கு ஒரு சோதனை, அரூருக்கு இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஓடுகின்றன. பதிவான விண்ணப்பங்களின் எண்ணிக்கை பொது மாறியில் 12. இரண்டு சோதனைகளும் 12ஐப் படித்து, ஆளுக்கொரு விண்ணப்பம் சேர்த்து, 13 என்று எழுதுகின்றன. இருக்க வேண்டியது 14. தனித்தனி 'செட்', 'கெட்' கட்டளைகளால் இதைத் தடுக்க முடியாது. 'அக்வயர் லாக்' போட்டுப் படிப்பதையும் எழுதுவதையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பழைய சிக்கல்தான்: ஒருவரை ஒருவர் விலக்கி வைப்பதற்கான தீர்வை டைக்ஸ்ட்ரா வெளியிட்டது 1965இல், சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்த அதே ஆண்டில்.

பூட்டைப் போட்ட சோதனை நடுவில் தோற்றால், விடுவிக்கும் வரி ஓடாது. அதே பூட்டுக்காக மற்றவை காத்துக் கிடக்கும். எனவே 'ரிலீஸ் லாக்' டியர்டவுனில் இருக்க வேண்டும்.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. கேட்ட சாவிக்கு மதிப்பே இல்லையென்றால் 'கெட்' பிழை எழுப்புவதில்லை; வெற்றுச் சரத்தைத் தருகிறது. எழுதும் சோதனை பிந்திவிட்டால், படிக்கும் சோதனை வெறும் விண்ணப்ப எண்ணோடு தேடுகிறது. தோல்வி பத்து வரி தள்ளித் தெரியும், அல்லது தெரியாமலேயே சோதனை தேறிவிடும். வசதிக்காக எடுத்த இந்த முடிவு ஒரு சோதனைக் கருவிக்குப் பொருந்தவில்லை.

பாபாட்லிப்பின் சிறந்த பகுதி அதிகம் பேசப்படாத 'அக்வயர் வேல்யூ செட்'. தருமபுரி, நல்லம்பள்ளி, பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என ஏழு வட்டங்களுக்கும் ஏழு சோதனைக் கணக்குகளை ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். ஒவ்வொரு சோதனையும் ஒன்றை எடுத்துப் பயன்படுத்தித் திருப்பித் தரும். அதுவரை வேறு யாருக்கும் அது கிடைக்காது. எட்டாவதாக வருவது காத்திருக்கும். இங்கே பூட்டைத் தனியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை. 'ரன் ஒன்லி ஒன்ஸ்' மூலம் ஒருமுறை உள்நுழைந்து, அந்த டோக்கனைப் பொது மதிப்பாக வைப்பதும் பாதுகாப்பானதே. ஒருவர் ஒருமுறை எழுத, மற்றவர்கள் படிக்க மட்டும் செய்கிறார்கள்.

எண்ணிக்கை பிசகும் சோதனைகளை, மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுவது எளிது. ஆனால் படிவ மென்பொருளே அமர்வுகளைக் குழப்பி, பென்னாகரத்து விண்ணப்பதாரருக்கு அரூர்க்காரரின் ஆவணத்தைக் காட்டினால், அதுவும் இதே போல எப்போதாவது மட்டும் தோன்றும் சிவப்பு வரியாகத்தான் தெரியும். பகிர்ந்த மாறிமேல் பழியைப் போட்டுப் பழகிய குழு, அந்த முறையும் மறுபடி ஓட்டும் பொத்தானையே அழுத்தும்.