பிரியாணிக்கு அரச பரம்பரை வேண்டுமா?

உணவைப் பற்றி எழுதுவது இலக்கியப் பணியாகுமா என்று வினவுவோர் உண்டு. ஆகும் என்பதே நம் கருத்து. ஒரு சமுதாயம் எந்த மண்ணில் வேரூன்றியது, யாரோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தது என்பவற்றை அதன் அடுப்படி காட்டுமளவுக்குக் கல்வெட்டும் காட்டுவதில்லை. ஆயினும், அத்தகைய எழுத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். திண்டுக்கல் பிரியாணியைப் பற்றிப் பெருநாள் மலர்களிலும் வார இதழ்களிலும் வெளிவரும் கட்டுரைகளில் அவ்வொழுங்கு இருக்கிறதா என்பதை இங்கே ஆராய்வோம்.

இக்கட்டுரைகளிற் பெரும்பாலானவை ஒரே பாதையில் நடப்பவை. முதலில் மொகலாய அரண்மனை. மெலிந்திருந்த படைவீரர்களைக் கண்டு மும்தாஜ் பேகம் இறைச்சியும் அரிசியும் சேர்த்துச் சமைக்கச் சொன்னார் என்னும் கதை. அடுத்து ஆற்காட்டு நவாபு. அதன்பின் ஹைதர் அலியின் படை. அங்கிருந்து ஒரே தாவலில் திண்டுக்கல். மும்தாஜ் கதைக்கு அக்காலச் சான்று எதையும் இவர்கள் காட்டுவதில்லை. ஹைதர் அலி 1755ஆம் ஆண்டில் திண்டுக்கல்லின் பவுஜ்தாராக வந்தது வரலாறு. அவருடைய சகோதரி அமீருன்னிஸா பேகம் அடங்கியுள்ள இடமே பேகம்பூர் என்று பெயர் பெற்றதும் யாவரும் அறிந்ததே. ஆனால், அவருடைய வீரர்கள் எதைச் சமைத்தார்கள், அது ஊரார் வீட்டுக்கு எவ்வாறு வந்தது என்பதற்கு ஆதாரம் எங்கே? கோட்டைக்கு அருகில் அடுப்பு எரிந்தது என்பதற்காகப் பானைக்கு அரச பரம்பரை வந்துவிடாது.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு உண்டு. பிரியாணி என்னும் சொல் பாரசீக மொழியிலிருந்து வந்தது. 'தம்' என்னும் முறைக்குரிய பெயரும் அவ்வாறே. அதனை மறுக்க வேண்டுவதில்லை. ஆயின் பானைக்குள் இருப்பது என்ன? சீரகத்தைப் போல் சிறுத்து மணக்கும் நம் சீரகச் சம்பா. நீண்ட வடநாட்டு அரிசியை முக்காற்பதம் வேகவைத்து வடித்துக் கறியோடு அடுக்குவது ஐதராபாத் வழக்கம். இங்கோ, கறி வெந்த சாற்றிலேயே அரிசியை இட்டு, சாறு முழுவதையும் அது உறிஞ்சிக்கொள்ளுமாறு செய்கிறார்கள். வியாழன்தோறும் கூடும் அய்யலூர்ச் சந்தை போன்ற வட்டாரச் சந்தைகளின் வெள்ளாடு, மிளகின் காரம், தயிரும் எலுமிச்சையும் தரும் புளிப்பு ஆகியவை சேர்ந்ததே இதன் சுவை. சமைத்த கைகள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இராவுத்தர் இல்லத்துக் கைகள். இத்தனையும் இந்த மண்ணுக்கு உரியவையாய் இருக்க, பெருமையை எல்லாம் தில்லிக்கும் ஆற்காட்டுக்கும் எழுதிக் கொடுப்பது எதற்காக? நம்மை வெளியிலிருந்து வந்தவர் என்று பேசுவோருக்கு நம் பேனாவாலேயே சான்றிதழ் வழங்குவதாக அது முடியும்.

இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகளின் தெருவோர உணவாக இருந்தது பீட்சா. 1889இல் மார்கரீட்டா அரசிக்காக ஒருவர் அதைச் சுட்டுக் கொடுத்தார் என்னும் கதை பின்னர் பரவிற்று. வரலாற்றாய்வாளர் பலர் அதனை ஐயுறுகின்றனர். உண்மையில் இத்தாலிய உணவை உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர்கள், 1880க்கும் 1920க்கும் இடையில் அமெரிக்காவில் குடியேறிய ஏறத்தாழ நாற்பது இலட்சம் பேர். பெரும்பாலும் தென்னித்தாலியக் கூலிகளும் குடியானவர்களும் அவர்கள். ஊரில் அரிதாய்க் கிடைத்த இறைச்சி புதிய நாட்டில் மலிவாய்க் கிடைத்தது. அதனால் கொத்துக்கறி உருண்டை பெருத்தது. அவ்வுணவின் வரலாறு உழைப்பாளிகளின் வரலாறே.

நம்மவர் கடல் கடந்த கதையும் அத்தகையதே. பினாங்குத் தெருக்களில் தமிழ் முஸ்லிம்கள் காவடியின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறி ஆணத்தையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்றார்கள். 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்றால் தோளில் சுமக்கும் கம்பு. நாசி கண்டார் என்னும் பெயரிலேயே அந்தத் தோள்வலி பதிந்திருக்கிறது. அவர்களின் உணவுக்கடைகளை மலேசியர் இன்று 'மாமாக்' என்று அழைக்கிறார்கள். அதன் வேர் நம் 'மாமா' என்னும் உறவுச்சொல். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் இடம்பெற்ற மலேசியக் காலையுணவு வழக்கத்தை 2024இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. எந்த அரசரின் பெயரும் அதற்குத் தேவைப்படவில்லை.

திண்டுக்கல் கட்டுரைகளின் இரண்டாவது குறை, அரண்மனையில் தொடங்கி உணவு விடுதியில் முடிந்துவிடுவது. நாகசாமி நாயுடு 1957இல் திண்டுக்கல்லில் ஆனந்த விலாஸ் என்னும் பிரியாணிக் கடையைத் தொடங்கியதையும், அவர் அணிந்த தலைப்பாகையே கடைக்குப் பெயராய் நிலைத்ததையும் இவை தவறாமல் எழுதுகின்றன. எழுத வேண்டியதே. பிரியாணி ஒரு சமயத்தாரின் வேலிக்குள் அடங்காமல் ஊரின் சொத்தானது என்பதற்கு அவர் நல்ல சான்று. ஆனால், கலியாணப் பந்தலில் விடியுமுன் தேக்சாவை ஏற்றும் பண்டாரி எங்கே? கறிச்சோறு பெருநாளைக்கு மட்டும் வாய்த்த, தோல் பதனிடும் தொழிலாளியின் வீடு எங்கே? நோன்புக் கஞ்சியையும் தால்ச்சாவையும் அளவு குறிக்காமல் கைப்பக்குவத்தால் ஆக்கிய நம் தாய்மார்கள் எங்கே? குழம்பை 'ஆணம்' என்னும் பழந்தமிழ்ச் சொல்லால் நம் இல்லங்கள் பல இன்றும் வழங்குகின்றன. அதனைக்கூட இவற்றில் காணோம்.

புனைகதை இத்துறையில் கட்டுரையை முந்திவிட்டது. பழனியை அடுத்த கீரனூரைச் சேர்ந்த ஜாகிர்ராஜா, 'மீன்காரத் தெரு' நாவலில் எளிய முஸ்லிம்களின் தெருவையே களமாக்கினார். உணவைப் பற்றி எழுதுவோரும் அந்தத் தெருவுக்குள் நுழைய வேண்டும்.

செய்ய வேண்டுவது அரிய செயலன்று. இத்தாலியரான பெல்லெக்ரினோ அர்தூசி 1891இல் தம் சொந்தச் செலவில் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். அதைப் படித்த இல்லத்தரசிகள் தத்தம் ஊர்ப் பக்குவங்களைக் கடிதத்தில் எழுதியனுப்ப, 475 குறிப்புகளுடன் தொடங்கிய நூல் 790 குறிப்புகளாய் வளர்ந்தது. நம் வீடுகளிலும் கடிதம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சொல்லத் தெரிந்த பெத்தம்மாக்களும் இருக்கிறார்கள். யார் ஆக்கியது, எந்த நாளுக்காக, எந்தச் சந்தைப் பொருளால், யார் யார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்பட்டது என்னும் இந்நான்கையும் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். சொல்லுகிறவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இது நடந்தாக வேண்டும்.