விபத்தும் படக்கருவியும்: மோட்டார் பந்தயக் காட்சிகளின் அறம் குறித்து

முன்னுரை

மோட்டார் பந்தயம் உயிரிழப்பின் அபாயத்தைத் தன்னுள் கொண்ட விளையாட்டாகும். பந்தயத் தடத்தின் ஒவ்வொரு வளைவிலும் படக்கருவிகள் நிறுத்தப்படுவதால், விபத்து பதிவாகாமற் போவதே அரிது. அதனைப் படம்பிடித்தல் அறமாகுமா என்னும் வினா பலகாலும் எழுப்பப்படுகிறது. படம் எடுக்கப்பட்டதா என்பதைக் காட்டிலும், அது எதனை நோக்கியது, யாருக்காக, எத்தனை முறை காட்டப்பட்டது என்பனவே ஆராயத்தக்கவை என்பது நம் கருத்து. இதனைச் சில நிகழ்வுகளின்வழி காண்போம்.

சாண்ட்வோர்ட், 1973

1973ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட் தடத்தில் ரோஜர் வில்லியம்சனின் கார் கவிழ்ந்து தீப்பற்றியது. அவர் அதனடியில் சிக்கிக்கொண்டார். பின்னால் வந்த டேவிட் பர்லி தம் காரை நிறுத்திவிட்டுத் தடத்தைக் கடந்து ஓடி, தனியொருவராகக் காரை நிமிர்த்த முயன்றார். தீயணைப்பானைத் தாமே எடுத்து இயக்கினார். தீத்தடுப்பு உடையற்ற தடப் பணியாளர்களால் நெருங்க இயலவில்லை. பந்தயமும் நிறுத்தப்படவில்லை. வில்லியம்சன் மாண்டார்.

இந்நிகழ்வைக் கோர் மோய் தொடர்ப்படங்களாக எடுத்தார். அவை உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியின் தொடர்ப்படப் பிரிவில் முதற்பரிசு பெற்றன. ஒருவரின் சாவைக் காட்டிப் பரிசு பெறுதல் தகுமா எனக் கேட்கலாம். ஆயினும், அப்படங்கள் முன்னிறுத்துவது மாண்டவரின் உடலை அன்று; காப்பாற்ற முயன்றவரின் கைகளையே. புறத்திணையின் கையறுநிலைத் துறை, இறந்தவனை இழந்தோரின் செயலற்ற துயரைப் பாடுவது. பர்லியின் நிலையை நாம் அப்பெயராலேயே குறிக்கலாம். அன்றியும், ஏற்பாட்டாளர்களின் ஆயத்தமின்மையை அப்படங்கள் மறுக்கவியலாச் சான்றாக்கின.

அழுகையும் மருட்கையும்

நேரலையின் நிலை வேறு. 2011ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், நம் நாட்டின் செப்பாங் தடத்தில் மோட்டார் சைக்கிள் வீரர் மார்கோ சிமோன்செலி இரண்டாம் சுற்றிலேயே விபத்துக்குள்ளாகி உயிரிழந்தார். அவ்விபத்து நேரலையில் ஒளிபரப்பாயிற்று. கணப்பொழுதில் நிகழ்வதை நேரலை தேர்ந்து விலக்க இயலாது. எனவே அதன்மீது குற்றம் சுமத்துதல் பொருந்தாது. பொறுப்பு மறுகாட்சியிலேயே தொடங்குகிறது.

2020ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், பஹ்ரைன் பந்தயத்தில் ரோமன் குரோஜானின் கார் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்து தீப்பற்றியது. அவர் உயிருடன் வெளிவந்தது உறுதியாகும்வரை மறுகாட்சி காட்டப்படவில்லை. இது போற்றத்தக்கது. ஆயின், அதன்பின் பந்தயம் நின்றிருந்த ஒரு மணி நேரத்திற்கும் மேலான இடைவெளியில் அக்காட்சி பன்முறை காட்டப்பட்டது. சக வீரர் டேனியல் ரிக்கார்டோ, குரோஜானின் குடும்பத்தாரும் இதனைப் பார்க்க நேர்கிறதே எனச் சுட்டி வெளிப்படையாகக் கண்டித்தார்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு இழவையும், மருட்கைக்குப் புதுமை, பெருமை முதலியவற்றையும் நிலைக்களன்களாகக் கூறுவார். இழவு நேர்ந்ததோ என அஞ்சும் கணத்தில் காண்போரிடம் எழுவது அழுகையின்பாற்பட்டது. வீரர் பிழைத்தார் என அறிந்தபின் எழும் மருட்கையும் இயல்பானதே. முதல் மறுகாட்சி அவர் எவ்வாறு தப்பினார் என்பதை விளக்குகிறது. வேகங்குறைத்துத் திரும்பத் திரும்பக் காட்டும்போதோ, மருட்கைக்குரிய பொருள் மாறிவிடுகிறது. மனிதன் தப்பியது பின்னிற்க, தீப்பிழம்பின் பெருமையே வியக்கப்படுகிறது.

மறைத்தலின் இடர்

அவ்வாறாயின், காட்டாதிருத்தலே அறம் எனலாமா? 2014ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், மழை பெய்த சுசூகா தடத்தில் ஜூல்ஸ் பியாங்கியின் கார், பழுதான மற்றொரு காரை அகற்றிக்கொண்டிருந்த பாரந்தூக்கி வாகனத்தின்மீது மோதியது. ஒளிபரப்பில் அக்காட்சி தவிர்க்கப்பட்டது. ஆயின் பார்வையாளர் ஒருவர் எடுத்த படம் பின்னர் பரவியது. பியாங்கி 2015 ஜூலையில் காலமானார். அப்படம் குடும்பத்தாருக்கு வேதனை தருவதென்பதில் ஐயமில்லை. எனினும், கார்கள் விரைந்துகொண்டிருக்கும்போது தடத்தோரம் அவ்வாகனம் இயங்கியது சரியா என்னும் வினாவை உலகு கண்ணால் கண்டு எழுப்ப அது வழிசெய்தது. தடம் முழுவதும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெய்நிகர் பாதுகாப்புக் கார் முறை 2015இல் நடைமுறைக்கு வந்தது.

இன்று பார்முலா ஒன் பந்தயத்தின் வணிக உரிமை பெற்றவரே அதன் காட்சிகளையும் தயாரித்து வழங்குகிறார். ஆதலின் அவரது மௌனம் எப்போதும் மாண்டவர்க்குரிய மரியாதைதான் என நாம் கொள்ளுதற்கில்லை. அது ஏற்பாட்டாளரின் பிழையை மறைக்கும் திரையாகவும் அமையக்கூடும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரு கருத்துகள் பெறப்படுகின்றன. பொறுப்புடையோரிடம் விடை கேட்கும் படம், துயரம் தருவதாயினும் காக்கப்பட வேண்டியது. ஆயின் அதன் உரிய இடம் விசாரணையும் ஆவணமும் வரலாறுமே. இடைவெளியை நிரப்பும் ஒளிபரப்பு அன்று. வியப்பை மட்டும் வேண்டித் திரும்பக் காட்டப்படும் காட்சியோ, வீரர் பிழைத்திருப்பினும் அறத்தின் வழுவியதே. காட்சி ஊடகங்களை வகுப்பறைக்குக் கொணரும் தமிழாசிரியர்கள் இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்த மெய்ப்பாட்டியல் தக்க கருவியாகும் என்பது நம் துணிபு.