ஷெனாண்டோவா சூத்திரமும் ஐந்து வயதுக் கால்களும்

பிள்ளைகளோடு தேசியப் பூங்காவுக்குப் போகிற பெற்றோர் முதலில் தேடுவது, 'இந்தப் பாதையில் இவங்களால நடக்க முடியுமா?' என்பதைத்தான். பெரும்பாலான வழிகாட்டிகள் 'எளிது', 'நடுத்தரம்', 'கடினம்' என்று ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். யாருக்கு எளிது, எதை வைத்து எளிது என்று சொல்லாது.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள ஷெனாண்டோவா தேசியப் பூங்கா (1935) இந்த விஷயத்தில் நேர்மையானது. கடினத்தைக் கணக்கிடும் சூத்திரத்தையே வெளிப்படையாகத் தந்திருக்கிறார்கள். ஏறும் உயரத்தை அடியில் எடுத்து, இரண்டால் பெருக்கி, மைல் கணக்கில் மொத்தத் தூரத்தாலும் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்கணும். அவ்வளவுதான். விடை 50க்குள் இருந்தால் மிக எளிது. 50 முதல் 100 வரை நடுத்தரம். 200ஐத் தாண்டினால் மிகக் கடினம். சுமார் 9 மைல் தூரம், 2,400 அடி ஏற்றம் உள்ள ஓல்டு ராக் மலைக்கு 208 வரும். பெரியவர்களையே மூச்சுவாங்க வைக்கும் மலை அது. எண் சரியாகத்தான் சொல்கிறது.

சூத்திரம் வெளியே இருப்பதால்தான் அதை விமர்சிக்கவும் முடிகிறது. வெறும் சொல்லோடு சண்டை போட முடியாது.

இரண்டு பாதைகளை எடுத்துக்கொள்வோம். ஸ்டோனி மேன் சிகரம்: போய்வர 1.6 மைல், 340 அடி ஏற்றம். டார்க் ஹாலோ அருவி: போய்வர 1.4 மைல், 440 அடி ஏற்றம். கணக்குப் போட்டால் முதலாவதுக்கு 33, இரண்டாவதுக்கு 35. இரண்டும் 'மிக எளிது' வரம்புக்குள். இரண்டு புள்ளி வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். குழந்தைகளுக்கு அருவிதானே பிடிக்கும், அங்கேயே போகலாம் என்றுதான் தோன்றும்.

ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவை இரண்டும் ஒன்றல்ல. ஸ்டோனி மேனில் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். டார்க் ஹாலோவில் முதலில் இறக்கம், பிறகு ஏற்றம். காரணம் நிலவமைப்பு. பூங்காவின் 105 மைல் சாலையான ஸ்கைலைன் டிரைவ் மலை முகட்டின் மேலேயே ஓடுகிறது. காரை நிறுத்துகிற இடமும் மேலேதான். சிகரத்துக்குப் போக அங்கிருந்து ஏறணும். அருவிக்குப் போக இறங்கணும். தண்ணீர் கீழேதானே விழும்!

இறங்கும் ஒவ்வோர் அடியும் திரும்பி வரும்போது கட்ட வேண்டிய கடன். பிள்ளை துள்ளிக்குதித்து இறங்கும், அருவியைப் பார்க்கும், தின்பண்டம் தீரும், கால் தளரும். அதற்குப் பிறகுதான் 440 அடி ஏற்றம் தொடங்கும். 40 மாடிக்கு மேல் ஏறுவது மாதிரி. அந்த இடத்தில் 'தூக்கு' என்று கை நீட்டினால், 17, 18 கிலோ அம்மாவின் இடுப்புக்கோ அப்பாவின் தோளுக்கோ வந்துவிடும். ஸ்டோனி மேனில் பாதி வழியில் அழுதால் அங்கேயே திரும்பலாம். மிச்சம் முழுக்க இறக்கம்.

ஒரே ஒரு மொத்த எண் இந்த வரிசையை விழுங்கிவிடுகிறது. பெருக்கலில் எது முன்னே, எது பின்னே என்பதற்கு இடமில்லை.

சரி செய்வது கடினமில்லை. அதே சூத்திரத்தைப் போகும் வழிக்கும் வரும் வழிக்கும் தனித்தனியாகப் போட்டால் போதும். சின்னச் சின்ன மேடுபள்ளங்களை விட்டுவிட்டால், ஸ்டோனி மேனுக்குப் போக 23, வர 0. டார்க் ஹாலோவுக்குப் போக 0, வர 25. (பாதித் தூரம் என்பதால் எண்கள் சிறியவை.) இப்போது ஒரு பார்வையிலேயே தெரிகிறது, எந்தப் பாதையின் பாரம் எந்தப் பாதியில் இருக்கிறது என்று.

இந்தப் பூஜ்யம் சூத்திரத்தின் இன்னொரு ஓட்டையையும் காட்டுகிறது. ஏற்றம் பூஜ்யம் என்றால் எத்தனை மைல் நடந்தாலும் விடை பூஜ்யம்தான். 8 மைல் தூரமும் வெறும் 100 அடி ஏற்றமும் உள்ள பாதையைக் கற்பனை பண்ணுங்க. விடை 40, அதாவது 'மிக எளிது'. எட்டு மைல் நடந்த ஆறு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லிப் பாருங்களேன்.

1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன பழைய விதி இதில் மேல். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அவர் பெருக்கவில்லை, கூட்டினார். அதனால் சமதளத் தூரம் காணாமல் போவதில்லை. அதே 8 மைலுக்கு 2 மணி 43 நிமிடம் என்று வரும். ஆனால் அவர் மனதில் இருந்தவர்கள் உடல் தெம்புள்ள ஆண்கள். நடுவில் கல் பொறுக்குவதற்கும் எறும்பு வரிசையை வேடிக்கை பார்ப்பதற்கும் அதில் நேரம் ஒதுக்கப்படவில்லை. பிள்ளைகளுக்கு நடையே அதுதான். எங்கள் வீட்டில் இரண்டு பேர், 5 வயதும் 8 வயதும். சிகரம் எப்போது வரும் என்று சின்னவள் கேட்டதே இல்லை. தின்பண்டப் பை யாரிடம் என்றுதான் கேட்பாள்.

எண் எப்போதும் தவறுகிறது என்றும் சொல்ல முடியாது. அதே பூங்காவின் லிம்பர்லாஸ்ட் பாதை 1.3 மைல் வட்டம், சுமார் 130 அடி ஏற்றம், விடை 18. நொறுக்கிய கல் பரப்பிச் சமன்படுத்திய, சக்கர நாற்காலியும் போகக்கூடிய பாதை. ஆனால் அந்தத் தரை எப்படிப்பட்டது என்பது 18க்குள் எங்கேயும் இல்லை. தரை கரடுமுரடாக இருந்தாலும் அதே 18தான்.

இது ஏதோ கணக்கு வாத்தியார் குறை இல்லை. முதல் மலைநடையே கடைசி ஏற்றத்தில் அழுகையாக முடிந்தால், அடுத்த முறை பிள்ளை வர மறுக்கும், பெற்றோரும் வற்புறுத்த மாட்டார்கள். காரிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்களில் இன்னொன்று கூடும். பாதைப் பலகையில் இன்னோர் எண் சேர்ப்பதற்கு ஆகும் செலவு அதைவிட மிகக் குறைவு.

உங்கள் பக்கத்து மலைக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம். மீட்டரும் கிலோமீட்டரும் வைத்துக் கணக்கிட்டால் விடை சுமார் 0.7 மடங்காகக் குறையும். எனவே 50 என்ற எல்லையை 35 என்று வைத்துக்கொள்ளுங்கள். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு எண்ணாகவே எழுதுங்கள். வரும் எண் பெரிதாக இருந்தால், பிள்ளை உற்சாகமாக இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். கால் வலிக்குது என்று அது சொல்லும்வரை காத்திருந்தால், மிச்ச ஏற்றம் உங்கள் தோளில்தான்.